ஒழுகாத தார்ப்பாய்

மகள் புது டென்ட்டை ஹாலில் பிரித்துப் போட்டதும் ரப்பர் வாடை வீடெல்லாம் பரவியது. சனிக்கிழமை தோழிகளோடு பச்சமலை அருவிக்குப் போகிறாள். வனத்துறையிடம் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். எனக்கு அந்த வாடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன்தான் நினைவுக்கு வந்தது.

அரியமங்கலம் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவும் ஒவ்வொரு மே மாதமும் புளியஞ்சோலை அருவிக்குத் திட்டம் போடுவார். மன்னார்புரம் வீட்டு மொட்டைமாடியில் பழைய லாரித் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டுவார். தம்பியையும் என்னையும் அடியில் உட்காரவைத்து, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்.

"எங்க சொட்டுது, சொல்லுங்க."

நாங்கள் காட்டிய ஓட்டைகளை, பாய் காய்ந்ததும் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி அடைப்பார். சாப்பிடும்போதும் அவர் கையில் அந்த வாடை இருக்கும். ஆனால் அருவிக்கு எங்கள் லீவு தெரியாது. மே மாதம் காய்ந்து கிடக்கும். தண்ணீர் வரும்போது ஸ்கூல் திறந்திருக்கும். "அடுத்த வருஷம் போவோம்மா" என்று பாயை மடித்துப் பரணில் போட்டுவிடுவார்.

நான் பத்தாவது படிக்கும்போது, ஐப்பசி அடைமழையில் அப்பா திடீரென்று இறந்துபோனார். சித்தப்பா பரணிலிருந்து தார்ப்பாயை எடுத்து வாசலில் கட்டினார். அதன் கீழேதான் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். அவ்வளவு மழையிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"மழை பெஞ்சா இது தாங்குமாம்மா?" என்றாள் மகள்.

"மாடியில கட்டிட்டு உள்ள உக்காரு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுக்கப் போனேன்.