அண்ணா தள்ளிய சக்கரம்

எங்கள் தமையனார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வந்திருக்கும் உற்றார் உறவினருக்கு அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும் பொறுப்பு தங்கையான எனக்கு வந்திருக்கிறது. புகழ்ந்தால் அண்ணாவுக்குப் பிடிக்காது. ஆகையால் இந்த நினைவு மலரில் உள்ளதை எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது தாமிரவருணிக் கரையில். அப்பா இளவயதிலேயே தவறிவிட, அம்மா எங்கள் இருவரையும் மலையாள நாட்டு வலியசாலைக்கு அழைத்து வந்து, அப்பளம் இட்டு விற்று வளர்த்தாள். படிப்பை நிறுத்தி இயந்திரப் பட்டறையில் சேர்ந்த அண்ணா, நாளடைவில் செய்த சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு உயர்ந்தார். என் கல்யாணத்தையும் அவரே நடத்திவைத்தார். மாப்பிள்ளையை அதே பட்டறையில் பிடித்தார், அதுதான் வம்பாயிற்று.

பல்சக்கரத்தை அண்ணா சோதிக்கும் விதம் இது. பழுதில்லாத ஒரு சக்கரத்தின் பற்களில் நீலச் சாயத்தை மெல்லப் பூசி, புதுச் சக்கரத்தோடு கோத்துச் சுற்றுவார். புதுப் பல்லில் நீலம் பரவலாக ஒட்டினால் சரி. நுனியில் மட்டும் ஒட்டினால் அங்கே மேடு இருக்கிறது. என் அகத்துக்காரரின் வேலை நிரந்தரமாவது அவர் பல் வெட்டிய ஒரு சக்கரத்தைப் பொறுத்திருந்தது. சோதனை நாளன்று பதற்றத்தில் அவரே சாயத்தை எடுத்துக் கனமாகப் பூசிவிட்டார். கனமாகப் பூசினால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும்.

"மதி சாமி, போதும். எல்லாப் பல்லிலும் ஒட்டியாச்சே" என்றார் மேஸ்திரி, பாதி மலையாளத்தில்.

அண்ணா துணியால் துடைத்து, மெல்லப் பூசி மறுபடி சுற்றினார். நுனியில் மட்டும் ஒட்டியது. "இது ஆகாது, மாப்பிள்ளை" என்று எல்லார் முன்னிலையிலும் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்த என் அகத்துக்காரர், "இனி உங்கண்ணா ஆத்துப் பக்கம் நீ போகப்படாது" என்றார்.

"ஒரு சக்கரத்துக்காகப் பொறந்தாத்தை விடச் சொல்றேளா?" என்றேன். நான் போய்க்கொண்டுதான் இருந்தேன், அவர் வரவில்லை. மறு வருஷம் அவருடைய வேறொரு சக்கரத்தை அண்ணாவே சரியென்று சொல்லி, வேலையும் நிரந்தரமாயிற்று. அப்படியும் பட்டறைக்கு வெளியே இருவரும் பேசவில்லை. இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் எனக்குத்தான் உயிர் போயிற்று.

அண்ணா வாதத்தில் படுத்தபோது அவர் மனைவி, என் மன்னியால் தனியே தூக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமலே இவர் போய் நின்றார். தினமும் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஸ்நானம் செய்வித்தார். ஒருநாள் அண்ணா, "உங்க முகத்தைப் பாத்துண்டே எப்படித் தள்ளினேன்னு எனக்கே தெரியல" என்றார்.

"என் முகத்தைப் பாத்திருந்தா தள்ளியிருக்க மாட்டேள். சக்கரத்தைத்தான் பாத்தேள்" என்றார் இவர்.

அண்ணா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய் அழுது தீர்த்தேன்.

வைத்தியருக்கும், முறைவைத்துத் துணையிருந்த தெருவாருக்கும், பட்டறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் நன்றி. அகத்துக்காரருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவார். ஆகையால் அச்சில் சொல்லிக்கொள்கிறேன்.