அம்மை குத்தப் போன வீட்டு நாய்கள்

வீடு வீடாகப் போய் அம்மைப்பால் குத்துவது என் உத்தியோகம். தெருமுனையில் என் தலை தெரிந்தாலே பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும், பெண்கள் கதவைச் சாத்துவார்கள். சர்க்கார் பையோடு அடுத்தவர் வீட்டுப் படியேறிய என்னைப் போன்றவர்களுக்கு அந்த முகங்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. உள்ளே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி நாயோடு பழகுவதுதான். நாயின் பெயரைக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் தென்காசி வட்டாரத்து நாய்களில் பாதியை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

கருப்பன்

ஆய்க்குடியில் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி வீடு. கருப்பனை வயல் வரப்பில் குட்டியாகக் கண்டெடுத்தார்களாம். அன்று வீட்டுக்காரி, "பிள்ள சிவகிரிக்குப் போயிருக்கான்" என்றாள். கருப்பன் என் கையை நக்கிவிட்டு நேராக நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் போய், அதன் பின்னால் மூக்கை நுழைத்து வாலாட்டியது. பையன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அழ அழக் குத்திவிட்டு வந்தேன்.

அந்தக் கோடையில் ஊருக்குள் அம்மை வந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. அடுத்த தடவை போனபோது அந்தப் பையன் வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். நாய் எங்கே என்று கேட்டேன். அவன் தாய் தலை நிமிராமல் சொன்னாள்: "காட்டிக்குடுத்த நாயின்னு அன்னைக்கே அடிச்சு வெரட்டிட்டோம் அண்ணாச்சி. இப்பம் தேடுதோம், காணலை."

டைகர்

குற்றாலத்தில் ஒரு துரை பங்களா. துரை சண்டைக்குப் போகும்போது டைகரைக் காவல்காரரிடம் விட்டுப் போனார். கிழட்டு நாய், ஒரு கண் தெரியாது. ஆனாலும் என் செருப்புச் சத்தம் கேட்டால் கேட் வரைக்கும் வந்துவிடும். அரிசி கிடைக்காத நாளிலும் காவல்காரர் தன் கஞ்சியில் பாதியை அதற்கு ஊற்றுவார்.

ஒரு மழைக்காலம் கழித்துப் போனேன். காவல்காரர் குடிசையில் குத்துவதற்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு இருந்த இரண்டு பிள்ளைகளையும் மலைக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. நாயைத் தடவிக்கொண்டு நின்றேன். அவர் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "தொரை எழுதியிருக்காரு. முழுக்க நாயைத்தான் விசாரிச்சிருக்காரு."

வெள்ளையம்மா

தென்காசியில் ஒரு தையல்காரர். கோயிலுக்குப் போன அவர் மனைவியின் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்ட நாய் இது. மனைவி பிரசவத்தில் இறந்த பிறகு குழந்தையின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்ததாம். இந்தக் கதையை நான் இரண்டு முறை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குழந்தைக்குக் குத்த வேண்டும் என்றால் மட்டும், "தாயில்லாப் பிள்ள. குத்திக் காய்ச்சல் வந்தா ஒத்தையில நான் என்ன செய்வேன்? ஐப்பசியில வாங்க" என்பார். நான் வற்புறுத்தவில்லை. பழகிய இடத்தில் முகம் சுளிக்க வைக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஐப்பசிக்கு முன்பே அம்மை அந்தத் தெருவுக்கு வந்துவிட்டது. நான் போனபோது வாசலில் செருகிய வேப்பிலை காய்ந்திருந்தது. வெள்ளையம்மா வழக்கம்போல ஓடிவந்து என் காலில் தலையை வைத்தது. அவர் தைக்காமல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் தூளித் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். "நாய் பேரு, அது வந்த கதை எல்லாம் கேட்டீய. எம் பிள்ள பேரை ஒருநாளாவது கேட்டீயளா?"

அன்றிலிருந்து எந்த வாசலிலும் பிள்ளையின் பெயரைத்தான் முதலில் கேட்டேன். சர்க்கார் பையோடு வந்தவனுக்கு ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.