ஜன்னலுக்கு வெளியே அத்தானின் குரல்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாய்தான் சோறு போட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். தெருவில் அவருக்கு ‘மைக்’ என்றுதான் பேர். எதையும் இரண்டு தடவை சொல்வார். வேலையில் வந்த பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. “டீ ஆறுது. டீ ஆறுது” என்பார். எனக்கு ஒரு தடவை சொன்னாலே கேட்கும் என்று அக்கா எரிந்து விழுவாள். பெண் பார்க்க வந்த அன்று பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் இரண்டு தடவை பதில் சொன்னாராம். அதை மட்டும் அக்கா குறையாகச் சொன்னதே இல்லை.

பிறகு நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அத்தானை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஊர்ப் பெயர்கள், எண்கள், ‘வந்துகொண்டிருக்கிறது’, ‘புறப்படத் தயாராக உள்ளது’ என்று துண்டு துண்டாகப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். அதை ஒட்டிவைத்து இயந்திரமே அறிவித்துவிடும். அக்கா வீடு நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில்தான். கூடத்து ஜன்னலுக்கு நேரே நடைமேடை ஒலிபெருக்கி. அத்தான் அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் ஆயுளில் சொல்லியே இராத வாக்கியங்களைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டிருப்பார். ஜன்னலைச் சாத்த விடமாட்டார். எனக்கு அது அடியோடு பிடிக்காது. மனுஷன் இங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறார், அவர் குரல் வெளியே தனியாகத் திரிகிறது, இது என்ன கண்றாவி என்று அக்காவிடம் சொல்வேன். உனக்கு எதைக் கண்டாலும் பயம் என்பாள் அவள்.

போன வருஷம் அத்தானுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. மிஞ்சியது வெறும் காற்று. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் உஸ் உஸ்ஸென்று வார்த்தை வரும், அவ்வளவுதான். அதையும் இரண்டு தடவைதான் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிற நமக்கு வலிக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். வாலு என்று கூப்பிடுவோம். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நடுக்கடலில் இருப்பவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று ஆபரேஷன் முடியும்வரை அக்கா அவளிடம் மூச்சுவிடவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? அத்தான் வீடு திரும்பிய பிறகுதான் சொன்னாள். வாலு ஆடிப்போய்விட்டாள். அப்பாவைப் பேசச் சொல்லு என்றாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. கப்பலில் வீடியோ எடுபடாது, போட்டோ அனுப்பினால் சுற்றிக்கொண்டே நிற்கும். குரல் மட்டும்தான் போகும். லேப்டாப் முன்னால் அத்தான் உட்கார்ந்து பேசினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லையே என்றாள் வாலு. இப்போதுதானடி பேசினார் என்றாள் அக்கா.

சத்தம் சின்னது, அதனால் எட்டவில்லை என்று நினைத்து நான்தான் ஹெட்செட் வாங்கி வந்தேன், வாய்க்கு நேரே மைக் நீட்டிக்கொண்டிருப்பது. இடது காது அத்தானுக்கு, வலது காது அக்காவுக்கு என்று இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படியும் வாலுவுக்கு அப்பா கேட்கவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். வயரிலிருக்கும் மியூட் பொத்தானைப் பார்த்தேன். லேப்டாப்பின் சொந்த மைக்கை விட்டுவிட்டு ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். பதிவு செய்து போட்டுப் பார்த்தால் அத்தானின் உஸ் உஸ் நன்றாகவே கேட்டது. அப்படியானால் மைக்கில் குறையில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். லேப்டாப்போடு ஒலியைச் சுத்தம் செய்கிற மென்பொருள் ஒன்று வந்திருக்கும், அதில் எல்லாவற்றையும் கடைசிவரை தள்ளிவையுங்கள், கண்ணாடி மாதிரி கேட்கும் என்றார். தள்ளிவைத்தேன்.

அடுத்த முறை வாலு கூப்பிட்டபோது அம்மா குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கிறது என்றாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். நீங்க பேசுங்க என்று அத்தானை இடித்தாள். அவர் பேசினார். அக்கா அதற்குச் சிரித்தாள், பதில் சொன்னாள், போதும் தொண்டை நோகும் என்று அதட்டினாள். அப்போது வெளியே ஒலிபெருக்கியில் ஒரு வண்டி வந்துகொண்டிருப்பதாக அறிவிப்பு வந்தது.

வாலுவின் குரல் மாறிவிட்டது. “அம்மா, நீ யார்கிட்ட பேசிட்டிருக்க?”

உங்கப்பாகிட்டதான், வேற யார்கிட்ட என்றாள் அக்கா.

“வெளியேருந்து வர்ற சத்தம் மாதிரியே இல்ல, பக்கத்துல கேக்குது, ஸ்டேஷன் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டுற. அப்பா இல்லன்னா இல்லன்னு சொல்லிடும்மா. நான் தாங்கிப்பேன்.”

அத்தான் ஹெட்செட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிற மனுஷன், தன் சாவைப் பற்றி மகள் விசாரிப்பதைக் காதால் கேட்டார். எழுதி அனுப்புகிறோம் என்றோம். யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றாள். ஆபரேஷனை மறைத்தவர்கள் இதையும் மறைப்பார்கள் என்பது அவள் எண்ணம், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒரு தடவைதான் பேச முடியும், அதற்குப் பிறகு கப்பல் சிக்னலே இல்லாத கடலுக்குப் போகிறது, அதற்குள் அப்பாவைக் கேட்காவிட்டால் அடுத்த துறைமுகத்திலேயே வேலையை உதறிவிட்டு இறங்கிவிடுவேன் என்றாள். எவ்வளவு பாடுபட்டுப் பிடித்த வேலை என்று எங்களுக்குத் தெரியும்.

அவள் கேட்பதை நானும் கேட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் சாயங்காலம் தோன்றியது. அவர்களை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து என் போனுக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கதவிடுக்கில் இருவரும் தெரிந்தார்கள். போனைக் காதில் வைத்தேன். மாத்திரை போட்டீங்களா என்று அக்கா கேட்டது தெளிவாக வந்தது. அத்தான் உதடு அசைந்தது. காதில் ஒன்றுமில்லை. மூச்சில்லை, தலைக்கு மேலே ஓடுகிற ஃபேன் சத்தமும் இல்லை. துடைத்துவிட்டது போல ஒரு வெறுமை. சரி, நாளைக்குக் கஞ்சி வைக்கிறேன் என்று அக்கா அந்த வெறுமைக்குப் பதில் சொன்னாள். உதடு மறுபடி அசைந்தது. இப்போது காதுக்குள் அத்தானின் பழைய குரல், வெங்கலமாட்டம், ‘பயணிகளின் கவனத்திற்கு’ என்றது. போனைக் கீழே போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. ஃபேனும் அத்தானும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தார்கள். ஓடிப்போய் அந்த மென்பொருளைத் திறந்தேன். ‘இரைச்சலை நீக்கு’ என்று ஒரு வரி, பக்கத்தில் பச்சை விளக்கு. அந்தப் பாழாய்ப்போன மென்பொருளுக்கு ஒலிபெருக்கிக் குரல் மனுஷக் குரல், மனுஷன் மூச்சு இரைச்சல். நானே அதைக் கடைசிவரை தள்ளியும் வைத்திருக்கிறேன். அத்தானிடம் சொன்னேன். அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரியாத்தான் சொல்லுது. சரியாத்தான் சொல்லுது” என்றார். சும்மா இருங்க அத்தான் என்று கத்திவிட்டு விளக்கை அணைத்தேன்.

கடைசி அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. பதற்றத்தில் அக்கா ஹெட்செட் வயரை இழுத்துவிட்டாள், நானே மறுபடி செருகினேன். அத்தான் பேசினார். வாலு, “அம்மா, அப்பா எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இணைப்பு வேறு விட்டுவிட்டு வந்தது. பார்த்தால் பச்சை விளக்கு திரும்ப எரிகிறது. ஹெட்செட்டைப் பிடுங்கிச் செருகினால் அது புதுசு என்று நினைத்துத் தானே எழுந்துகொள்கிறது, சனியன். அணைத்தேன்.

ஃபேன் இரைச்சல் குபீரென்று அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். என்ன சத்தம் அது என்றாள் வாலு. அதற்குள்ளே உஸ்ஸென்று ஒன்று கேட்டிருக்கிறது.

“யாரது?” பயந்துபோய்க் கேட்டாள்.

அத்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். “நான்தான். நான்தான்.”

போச்சு, இதையும் நம்பவில்லை என்று நினைத்தேன். அப்புறம் அவள் விசும்புவது கேட்டது. “ரெண்டு தடவை சொல்லாதீங்கப்பா. வலிக்கும். ஒரு தடவை போதும், எனக்குக் கேக்குது.”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரியாக அந்நேரம் பார்த்து வெளியே ஒலிபெருக்கி ஆரம்பித்தது, கணீரென்று, ஏதோ ஒரு வண்டி தாமதமாக வருவதற்கு வருந்திக்கொண்டு. அப்பா, நீங்க பேசுறது கேக்கலையே என்றாள் வாலு.

அத்தான் ஹெட்செட்டைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.