லாபிஸ் வானத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?

போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு லாபிஸ் என்ற தோட்டப்புற ஊருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒருவர் சொன்னது தவறு என்று நிரூபிக்க.

என் ஆராய்ச்சி அயனி மண்டலத்தைப் பற்றியது. தலைக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மின்னேறிய காற்று அது. பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் மறைந்ததும் அதில் குமிழிகள் கிளம்பும். அவற்றைத் தாண்டி வரும் ஜிபிஎஸ் சிக்னல் நடுங்கும். லாபிஸில் நான் வைத்த கருவி அந்த நடுக்கத்தை ஐந்து வருடமாகப் பதிவு செய்கிறது. மற்றவர்கள் சொல்வதைவிட இருபது நிமிடம் முன்பே அது தொடங்குகிறது என்று கட்டுரை எழுதினேன். மதிப்பீட்டாளர் ஒரே வரியில் திருப்பினார்: "அயனி மண்டலத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?"

தரவைத் திரும்பப் பார்த்தால், முன்னதாக வந்த நடுக்கங்களில் பாதிக்கு மேல் வெள்ளி மாலையில். நான் கவனிக்கவே இல்லை. மதிப்பீட்டில் பெயர் இருக்காது, ஆனால் அந்த நக்கலை இருபது வருடமாக அறிவேன். எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடையது. மாத முடிவுக்குள் பதில் தராவிட்டால் கட்டுரை போய்விடும். கட்டுரை போனால் கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

நான் இருக்கும் தெப்ராவிலிருந்து மதியம் 2.10க்குக் கிளம்பினேன். யோங் பெங் வரை நெடுஞ்சாலை, பிறகு சாஆ என்ற ஊர் வழி. காரில் 138 கிலோமீட்டர் காட்டியது. டோல், பெட்ரோல் சேர்த்து 42 ரிங்கிட். யோங் பெங்கில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீரும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் 4 ரிங்கிட் 20 சென். அதற்குப் பிறகு மழை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் முன்னால் ஊர்ந்தன, முந்த முடியவில்லை. 4.35க்குப் போய்ச் சேர்ந்தேன்.

கருவி இருப்பது கமலா அக்கா வீட்டுக்குப் பின்னால். தோட்டத்துக் கிளினிக்கில் வேலை செய்பவர். இடுப்புயரக் கம்பத்தின் மேல், கவிழ்த்த சோற்றுத் தட்டு அளவில் ஒரு வெள்ளை ஆண்டெனா. அவ்வளவுதான்.

"ஊசி போடாத டாக்டருக்கு இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? கடைசியா வந்து மூணு வருசமாச்சு லா," என்றார்.

பின்வாசலில் நாற்காலி போட்டு, மடிக்கணினியைத் திறந்து, ஆறு மணியிலிருந்து திரையையே பார்த்தேன். மழை விட்டிருந்தது. சிக்னல் ஆடாமல் அசையாமல் இருந்தது. 7.14க்குக் கமலா அக்கா குளித்துவிட்டு வந்தார். ஈரத்துணியால் ஆண்டெனாவைத் துடைத்தார். பூ, பழம் வைத்த பித்தளைத் தட்டை அதன் தலையிலேயே வைத்தார். சாம்பிராணியோடு கம்பத்தை மூன்று சுற்று சுற்றினார்.

திரையில் எல்லாக் கோடும் சரிந்தது.

"அக்கா, இது என்னது?"

"வெள்ளிக்கிழமை லா. நம்ம காருக்கு, மோட்டருக்குச் சுத்துறதில்லையா? நீங்கதான சொன்னீங்க, இது கெட்டுப்போனா என் வேலையே போச்சுன்னு. ஒரு வாரம் விட்டதில்ல."

உலோகத் தட்டு வைத்தால் வானம் மறைந்துவிடும், கருவி அதை நடுக்கம் என்று பதிவு செய்துவிடும் என்று விளக்கினேன். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"அப்ப இத்தன நாளா நான்தான் கெடுத்தேனா?"

"நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட வந்து பாக்கல அக்கா. தப்பு என்னுது."

இந்த வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சாம்பிராணியைக் கீழே வைத்தார்.

"தட்ட எங்க வைக்கட்டும், அதச் சொல்லுங்க. கும்புடுறத நிறுத்த மாட்டேன்."

இருவரும் அடி அளந்து, பத்தடி தள்ளி, கொய்யா மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டோம். தட்டு அங்கே போனதும் கோடுகள் நிமிர்ந்தன.

திரும்பி வந்து ஐந்து வருட வெள்ளிக்கிழமைகளையும் தரவிலிருந்து ஒன்றுவிடாமல் வெட்டினேன். இருபது நிமிடம் ஒன்பதாகச் சுருங்கியது. அந்த ஒன்பதை இனி யாராலும் அசைக்க முடியாது. தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதி, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பினேன்.

வெளியூரில் கருவி வைக்கப் போகிறவர்களுக்கு: சாஆ சாலையில் லாரிக்காக அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள். மழைச்சட்டை அவசியம். மாட்டிவிட்டு அன்றே திரும்பாதீர்கள். ஏழு நாளும் அங்கே உட்காருங்கள். வீட்டுக்காரர் அதை என்னவாக நினைக்கிறார் என்று கேளுங்கள்.

கட்டுரையின் நன்றி வரியில் பெயரில்லாத அந்த மதிப்பீட்டாளரையும் சேர்த்திருக்கிறேன். கமலா அக்காவுக்கு அடுத்தபடியாக.