இரண்டாம் பயணிக்குக் காய்ச்சல்

என் தங்கையின் புருஷனை எங்கள் குடும்பத்தில் கமாண்டர் என்றுதான் சொல்வோம். அது கேலி என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கட்டளையிடுவது விண்வெளிக் கலத்துக்கு அல்ல, மூன்றாவது மாடியில் இருக்கும் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு. பகலில் டைல்ஸ் கடையில் நின்றுகொண்டு, குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் எது என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வேற்றுக் கிரகத்துக்குப் புறப்பட்டுவிடுவார்.

ஆள் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒரு புருஷனைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேறு எதுவும் கிடைக்காதபோது சொல்வதற்கென்றே இந்த இரண்டும் இருக்கின்றன.

அந்த வீட்டில் விளக்கு போட சுவிட்ச் கிடையாது. "ஒளி" என்று சொல்ல வேண்டும். தங்கைக்கு ஜலதோஷம் பிடித்தால் அவள் குரல் அதற்குப் புரியாது, அன்றைக்கு இருட்டில்தான் சமையல். கழிவறை விளக்கோ ஆள் அசைந்தால்தான் எரியும். நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர் நடுநடுவே கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். பூந்தொட்டியில் ஒரு கம்பியைச் செருகியிருந்தார். செடி நலம் என்று அது அவருடைய ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். செடி அழுகி நாற்றமெடுத்த பிறகும் அனுப்பிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் மட்டும் வருஷக்கணக்காகச் சொட்டுகிறது. அதற்கு ஒரு வாஷர் வாங்கிப் போட கமாண்டருக்கு நேரம் இல்லை.

கூடத்தில் பெரிய கண்ணாடி அலமாரி. அதில் தலைக்கவசங்கள், பொம்மைத் துப்பாக்கிகள், இறக்கை வைத்த கலங்கள், வேற்றுக் கிரகப் படையெடுப்பைப் பற்றிய தடித் தடியான நாவல்கள். தங்கையின் துணிமணி கட்டிலுக்கு அடியில், அட்டைப்பெட்டியில். அவளுடைய தையல் மெஷினையும் பால்கனிக்குத் தள்ளிவிட்டார். அது ஓடினால் சிக்னல் கெடுகிறதாம். சாரல் அடித்தால் மெஷின்மேல் போர்வையைப் போர்த்திவிட்டு அவள் நனைவாள். பூமியைக் காப்பாற்றப் போகிற இந்த வீரர், கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறி நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுவார்.

நான் சீருடை தைக்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். மாதிரிச் சட்டை தைக்கிற எங்கள் சாம்பிள் பிரிவில் ஓர் இடம் காலியானது. பேச்சுவாக்கில் அதைத் தங்கையிடம் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, அந்த வேலை எனக்கு வேணும்" என்றாள். "பால்கனியில உக்காந்து அடுத்த வீட்டுக்காரங்க ஜிப்பு மாத்தியே கிழவி ஆயிடுவேன்போல இருக்கு."

மறுநாளே மேனேஜரம்மாவிடம் பேசினேன். தானே தைத்த சட்டை ஒன்றோடு வர வேண்டும், அங்கே ஒரு சட்டை வெட்டிக் காட்ட வேண்டும். காலையில் இரண்டாவது மணி அடித்துவிட்டால் கேட்டுக்குள் யாரையும் விட மாட்டார்கள். யார் சொன்னாலும் அது நடக்காது.

அந்த வாரம் பார்த்துத்தான் கமாண்டர் வாசல் கதவில் கை வைத்தார். கைப்பிடியையும் பூட்டையும் கழற்றி எறிந்தார். கலத்துக்கு ஏது கைப்பிடி? அந்த இடத்தில் உள்ளேயும் வெளியேயும் கறுப்பாக ஒரு பலகை. அது முகத்தைப் பார்க்கும், உடம்புச் சூட்டையும் பார்க்கும். அவர் குரலுக்கும் திறக்குமாம். ஏதோ ஒரு நாவலில் ஒரு பயணியின் காய்ச்சல் பரவி கிரகமே காலியாகிவிட்டதாம். அதனால் காய்ச்சல் உள்ளவர்களை இந்தக் கதவு வெளியே விடாது. கதவின் உள்பக்கம் மேலே இருந்த பழைய தாழ்ப்பாளை மட்டும் அவரால் கழற்ற முடியவில்லை. திருகு துருப்பிடித்திருந்தது, விரல் வலிக்கிறது என்று விட்டுவிட்டார்.

டெஸ்ட் அன்று காலையில் அவளைக் கூட்டிப்போக நான் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். கமாண்டர் அப்போதே கடைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். தங்கை எனக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போய்ச் சட்டைக்குக் கடைசியாக ஒரு தடவை இஸ்திரி போட்டாள். காலருக்கு ஆவி பிடித்துப் பிடித்து அவள் முகம் சிவந்து வேர்த்துக் கிடந்தது. சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இரண்டாம் பயணி. உடல் வெப்பம் அதிகம். கலம் பூட்டப்படுகிறது" என்றது கதவு.

கட்டிக்கொண்டவளுக்கு அவர் அந்த வீட்டில் வைத்திருக்கிற பெயரே அதுதான். நான் அவளை நகர்த்திவிட்டு என் முகத்தைக் காட்டினேன்.

"அடையாளம் தெரியாத உயிரினம்" என்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்கு ஃபோன் போட்டோம், ஸ்பீக்கரில் வைத்தோம்.

"பூட்டிடுச்சா? நிஜமாவே பூட்டிடுச்சா?" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நேத்து பூரா முயற்சி பண்ணேன், வேலையே செய்யல."

"ஏங்க, எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. இஸ்திரி போட்ட சூடு. இன்னிக்கு டெஸ்ட்டு. திறந்து விடுங்க."

"கொஞ்ச நேரம் உக்காரு. ஆறினதும் அதுவே திறந்துடும்."

"எப்போ?"

"ஒருதடவை பூட்டினா மத்தியானம் வரைக்கும் மறுபடி பார்க்காது. அதுதானே பாதுகாப்பு."

நான் குறுக்கே புகுந்தேன். "மாப்பிள்ளை, உங்க குரலுக்குத் திறக்கும்னு சொன்னீங்களே. இப்படியே ஃபோன்ல சொல்லுங்க."

"ஃபோன்ல வர்ற குரலை ஏத்துக்காது அண்ணி. என்னை மாதிரியே பேசி எதிரி உள்ள வந்துட்டான்னா? அதெல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"அப்போ நீங்க கிளம்பி வாங்க."

"கடையில ஆள் நிக்கிறாங்க அண்ணி. டெஸ்ட்டுதானே, இன்னொரு நாள் வைப்பாங்க" என்று வைத்துவிட்டார்.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். என் மனசு ஆறியது, கதவு அசையவில்லை. தங்கை கதவின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் பார்த்தாள். எதிரியை எல்லாம் யோசித்து வைத்தவர் கீல்களை யோசிக்கவில்லை. அவை உள்பக்கம்தான் இருந்தன.

பால்கனிக்குப் போய் மெஷினின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தாள். அந்த வீட்டில் ஊசிமுனைத் திருகுக்கெல்லாம் கருவி உண்டு, ஒரு சுத்தியல் கிடையாது. அதனால் இஸ்திரிப்பெட்டியையே தூக்கினாள். அவளுக்குக் காய்ச்சல் கொடுத்த அதே இஸ்திரிப்பெட்டியால் தட்டித் தட்டிக் கீல்களின் நடுக்கம்பிகளை ஒவ்வொன்றாக எழுப்பி உருவினாள். நான் கதவைத் தாங்கிக்கொண்டேன். இரண்டு பேருமாக இழுத்ததும் கதவு பேர்த்துக்கொண்டு உள்ளே வந்தது. சுவரில் சாய்த்து வைத்தோம்.

"கலத்தில் துளை. பயணிகள் கவசம் அணியவும்" என்று அது கத்திக்கொண்டே இருந்தது.

"வீடு திறந்து கிடக்குதேடி" என்றேன்.

"கிடக்கட்டும்க்கா" என்று படியிறங்கிவிட்டாள்.

ஓட்டமும் நடையுமாகப் போனோம். இரண்டாவது மணி அடிக்கத் தொடங்கியபோது அவள் ஒரு கால் கேட்டுக்குள் இருந்தது, எனக்கு அது போதும். கையில் படிந்திருந்த துருவைக் கழுவிவிட்டு மேஜைக்கு வந்து கத்தரியைப் பிடித்தாள். அவள் வெட்டியதை மேனேஜரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டுபோன சட்டையின் காலரை விரலால் நீவினார்.

"திங்கக்கிழமை வந்துடும்மா" என்றார்.

சாயங்காலம் நாங்கள் திரும்பிப் போனபோது கமாண்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். திறந்து கிடந்த வீட்டில் ஒரு பொருளைக்கூட யாரும் தொடவில்லை. அவற்றின் லட்சணம் திருடனுக்கும் தெரிந்திருக்கிறது. தரையைப் பெருக்கும் வட்ட இயந்திரம் மட்டும் தானாகவே வாசலைத் தாண்டிப் போய், மாடிப்படியில் உருண்டு உடைந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எழவு வீட்டில்கூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு வேலை கிடைச்சிடுச்சு" என்றாள் தங்கை.

"சரி. கீல் கம்பியை எங்க வெச்சே?" என்றார்.

ஒரு மனுஷனை இதற்குமேல் வெறுக்க எனக்குத் தெரியாது. தங்கை பையிலிருந்து கம்பிகளை எடுத்தாள். கதவை நிறுத்தி மாட்டியதும் அவள்தான். அவர் பக்கத்தில் நின்று மூன்று நிறத்தில் மாறும் ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அவளோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். போனதும் மெஷினைப் பால்கனியிலிருந்து கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். கண்ணாடி அலமாரி ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று. அவள் கதவுக்கு மேலிருந்த பழைய தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"வருக, கமாண்டர்" என்றது கதவு. பூட்டு விலகும் சத்தமும் கேட்டது. கதவு வரவில்லை. மறுபடியும் வருக என்றது. மறுபடியும் வரவில்லை. பிறகு தட்டினார்.

"பூட்டு திறந்துடுச்சு, கதவு மட்டும் வரல. சென்சார்ல ஏதோ கோளாறுபோல இருக்கு. உள்ள என்ன காட்டுதுன்னு பாரேன்."

தங்கை நூலின் நுனியை ஈரப்படுத்தி ஊசியில் கோத்தாள்.

"நடந்து வந்த சூடா இருக்கும். கொஞ்ச நேரம் படியில உக்காருங்க" என்றாள். "ஆறினதும் நானே திறக்கறேன்."

அப்புறம் மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.