கண்ணாடிப் பெட்டியில் பார்த்த இரண்டாம் பாகம்

போன மாதம் சிரம்பானில் ஒரு பேரங்காடியின் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண் மருத்துவரைப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பக்கத்து மேசையில் மூன்று பையன்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது நல்ல பழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் என்னைப் போல வாய் திறக்காதவர்களுக்குக் காது கொஞ்சம் நீளம்தான்.

"முதல் படத்துல கேப்டனுக்குத் தண்ணின்னா பயம். ஒரு ஓடையக்கூட தாண்ட மாட்டான். அப்பறம் வந்த முன்கதைப் படத்துல பாத்தா கடலுக்கடியிலயே வளர்றான். எப்படி லா?"

"டைரக்டர் மறந்துட்டாரு மச்சான். அவ்ளோதான்."

"மறக்கல லா. நடுவுல என்னமோ நடந்திருக்கு. நமக்குக் காட்டல."

விண்கப்பலில் ஊர் தேடி அலையும் ஒரு கேப்டனின் கதை அது. முதலில் மூன்று பாகங்கள் வந்தன. பல வருடம் கழித்து, அந்தக் கேப்டனின் சிறுவயதைச் சொல்ல முன்கதைப் படங்கள் வரத் தொடங்கின. இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பழையதும் புதியதும் ஒட்டுகிறதா இல்லையா என்று உலகம் முழுக்கச் சண்டை போடுகிறார்களாம். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால், ஃபேக்டரி பஸ்ஸில், நான்தான் அதைச் சொன்னேன். அது பொய்.

என் முன்னால் இருந்த தே தாரிக்கின் நுரை அடங்கிவிட்டது. ஆறிப்போன பால் தேநீரின் வாசனை எனக்கு எப்போதும் அந்த பஸ்ஸைத்தான் கொண்டுவரும். டிரைவர் மணியம் அண்ணன் பிளாஸ்டிக் பையில் தேநீர் வாங்கி, கயிறு கட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டியிருப்பார். லாபு பக்கத்து எஸ்டேட்டில் எங்களை ஏற்றிக்கொண்டு சிரம்பான் போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பை ஆடிக்கொண்டே வரும். ஒரு நாளும் அவர் அதைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் எல்லோரும் பெண்கள். சிரம்பானில் வானொலிப் பெட்டிக்கான சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் லீலா, பக்கத்தில் நான். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நாங்கள் இருவரும். ஆனால் நான் விட்டதில் யாருக்கும் நஷ்டமில்லை. லீலா விட்டதற்கு எங்கள் மலாய் ஆசிரியை, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடு வரைக்கும் வந்து அவள் அப்பாவிடம் சண்டை போட்டார். அப்படி ஒரு ஞாபகசக்தி அவளுக்கு. மணியம் அண்ணன் தலைகளை எண்ணவே மாட்டார். இன்ஜினைப் போட்டுவிட்டு, "லீலாம்மா, யாரு வரல?" என்பார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆறாவது வரிசை, கதவுப் பக்கம். சரசு அக்கா. கால்ல முள்ளு குத்திருச்சு" என்பாள். பஸ் கிளம்பிவிடும்.

அந்த விண்கப்பல் படத்தின் முதல் பாகம் எங்களிடம் வந்ததே ஒரு தவறால்தான். தீபாவளிக்கு மறுநாள் கிளப் ஹாலில் போட ஒரு தமிழ்ப் பட வீடியோவை வாடகைக்கு எடுத்தார்கள். அட்டைப்பெட்டியைத் திறந்து போட்டால் கதாநாயகனும் இல்லை, பாட்டும் இல்லை, ஒரு கப்பல் வானத்தில் போகிறது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். லீலா திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீழே ஓடிய மலாய் எழுத்துகளைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். எழுந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. கேப்டன் ஒரு சின்ன ஓடையைப் பார்த்து நடுங்கி, கப்பலையே சுற்றிக் கொண்டுபோவான். ஏன்? படத்தில் சொல்லவில்லை.

"நீச்சல் தெரியாதுடி. அதுக்குப் போயி மூளையக் கசக்குறீங்க" என்பார் சரசு அக்கா.

"நீச்சல் தெரியாதவன் ஆழத்துக்குத்தான் பயப்படுவான் அக்கா. இவன் முழங்கால் தண்ணிக்குப் பயப்படுறான். அது வேற" என்பாள் லீலா.

"ஆகாசத்துல போறவனுக்கு முழங்கால் என்னா, கழுத்து என்னா."

இப்படியே போகும். லீலா ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்திருந்தாள். எது முன்னால் நடந்தது, எது பின்னால், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டாத இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருவேன். பேசவேண்டும் என்று தொண்டை வரைக்கும் வரும். அதற்குள் தொழிற்சாலை வந்துவிடும்.

இரண்டாம் பாகம் சிரம்பான் தியேட்டருக்கு வந்தபோது லீலாவின் அப்பா மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருந்தார். அவளால் நகர முடியவில்லை. "நீ போடி. அவன் ஏன் பயப்படுறான்னு இதுல கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. அத மட்டும் விட்றாத" என்றாள். அவள் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ் பிடித்தேன். தியேட்டரையும் கண்டுபிடித்தேன். டிக்கெட் வாங்கும் வரிசையில் ஒரே ஆண்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அந்த வயதில் உலகத்துக்கு நம்மைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று நினைக்கிறோம். வரிசையை விட்டு வந்துவிட்டேன். வெளியே சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே எட்டுக் காட்சிகளின் புகைப்படங்களை ஊசி குத்தி வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு கறிபாப் வாங்கித் தின்றேன். படம் விட்டுக் கூட்டம் வெளியே வந்தபோது நானும் அதோடு சேர்ந்து நடந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் லீலா நோட்டைத் திறந்து பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். "சொல்லு."

பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சரசு அக்காகூட எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டுப் புகைப்படங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு கதை சொன்னேன். ஐந்தாவது படத்தில் கேப்டன் ஒரு ஏரிக்கரையில் மண்டியிட்டுத் தண்ணீரில் கை வைத்திருந்தான். அந்த இடம் வந்ததும் என் வாயிலிருந்து வந்தது இது: "அவன் தண்ணிகிட்ட பேசுறான். 'நான் உன்கிட்டதான் வளந்தேன். என் தம்பிய நீ எடுத்துக்கிட்ட. அதுக்கப்பறம்தான் உன்னப் பாத்தா எனக்குப் பயம்'னு சொல்றான்."

தொழிற்சாலைக் காவல் கொட்டகைக்கு முன்னால் மணியம் அண்ணன் பஸ்ஸை நிறுத்தினார். "முழுசா சொல்லிட்டு இறங்கும்மா" என்றார். அன்றைக்கு முழுக்க என் கைகள் வேலை செய்தன, நான் எங்கோ இருந்தேன். அவ்வளவு சந்தோஷம். லீலா அந்த வசனத்தை அப்படியே எழுதி, பழைய சிவப்புக் கோட்டை ரப்பரால் அழித்தாள். காகிதம் கிழிந்துவிடாமல், மெல்ல மெல்ல.

இரண்டாம் பாகத்தின் வீடியோ எங்கள் பக்கம் வரவே இல்லை. வராதவரைக்கும் நல்லது என்று இருந்தேன். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி நீலாய்க்குப் போனாள். ஒரே மகன், தினேஷ். நோட்டும் அவளோடு போனது.

முதல் முன்கதைப் படம் வந்தபோது அவள்தான் எனக்கு ஃபோன் செய்தாள். மூச்சு வாங்கியது. "ஏய், பாத்தியா? கடலுக்குள்ளதான்டி வளர்றான்! நீ அன்னைக்கே சொன்னியே! எல்லாரும் ஒட்டலன்னு கத்துறானுங்க. அழகா ஒட்டுது!" நான் போட்ட பொய்க்கு, உலகத்தின் அந்தப் பக்கத்தில் யாரோ சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா லீலா" என்றேன்.

தினேஷின் பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். மத்தியானம், அவனுடைய சிநேகிதர்கள் ஆறேழு பேர் கணினியைச் சுற்றி உட்கார்ந்து இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மாவக் கேளுங்க. எங்கம்மா எல்லாத்தையும் நோட்டுல வச்சிருக்காங்க" என்றான் தினேஷ். அவன் குரலில் அவ்வளவு பெருமை. லீலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏரிக்கரைக் காட்சியைச் சொன்னாள். நான் பஸ்ஸில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள்.

"அப்படி ஒண்ணும் இல்லையே ஆன்ட்டி" என்றான் ஒருவன். இரண்டாம் பாகம் அவனிடம் இருந்தது. ஓட்டிக் காட்டினான். கேப்டன் ஏரிக்கரையில் மண்டியிட்டான். குடுவையில் தண்ணீர் பிடித்தான். எழுந்து போய்விட்டான். கையில் தடித்த உறை. வாயே திறக்கவில்லை.

"ஆன்ட்டி கனவுல பாத்திருப்பாங்க லா."

பையன்கள் சிரித்தார்கள். தினேஷும் சிரித்தான், தலையைக் குனிந்துகொண்டு. லீலா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. நீதானே பாத்த?"

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. அதே டிக்கெட் வரிசை.

"எனக்கு ஞாபகமில்ல லீலா. ரொம்ப வருஷமாச்சு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அப்ப நான்தான் தப்பா எழுதி வச்சிருக்கேன் போல" என்று சிரித்துவிட்டு கேக் வெட்டக் கத்தி எடுக்கப் போனாள். அந்த நோட்டைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டதாகப் பிறகு ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். "ஒரு பக்கம் தப்புன்னா மத்தது மட்டும் சரியாவா இருக்கும்?"

அதற்கப்புறம் அவள் எதற்கும் வாதம் பண்ணி நான் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று மகனைக் கேட்பாள். எஸ்டேட்டை விற்று, லயங்களை இடித்த பிறகு, பழைய ஆட்கள் கோயிலில் ஒன்றுகூடினோம். யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று நினைவு மலரில் போடலாம் என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் லீலாவைத்தான் பார்த்தார்கள். "எனக்கு ஞாபகம் சரியில்லீங்க. தப்பா சொல்லிருவேன்" என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கங்கள் இல்லாமலே மலர் வந்தது.

உணவுக்கூடத்திலிருந்து நான் கண் மருத்துவரிடம் போனேன். எழுத்துப் பலகையில் எல்லாம் சரியாகப் படித்தேனாம். அடுத்த ஞாயிறு நீலாய்க்குப் போனேன். லீலா பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"படமே பாக்கலையா?"

"உள்ளயே போகல."

"அப்ப தம்பி, தண்ணி, அதெல்லாம்?"

"நானா சொன்னது."

அவள் இன்னும் ஒரு கைப்பிடி காய் ஒடித்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "நான் டாக்டர்கிட்ட போனேன்டி. எங்கம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் மறதி ஆரம்பிச்சிருச்சோன்னு. படமெல்லாம் எடுத்தாங்க, தலைய. ஒண்ணுமில்லன்னாங்க. நான் நம்பல."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த காயை எடுத்தாள். நானும் சேர்ந்து ஒடித்தேன். கிளம்பும்போது, என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன்: "லீலா, பஸ்ல நமக்குப் பின்னாடி யாரு உக்காந்திருந்தாங்க?"

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தெரியல" என்றாள்.

நிஜமாகவே மறந்துவிட்டாளா, என்னிடம் சொல்ல மனமில்லையா, தெரியவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தியேட்டர் இப்போது விளக்குக் கடை. அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்த சுவரில் விலைப்பட்டியல் தொங்குகிறது. எஸ்டேட் இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள். மணியம் அண்ணன் இல்லை, சரசு அக்காவும் இல்லை. ராத்திரி உட்கார்ந்து அந்த பஸ்ஸை வரைந்து பார்த்தேன். முன்னால் கொக்கியில் தேநீர்ப் பை. மூன்றாவது வரிசையில் லீலா, நான். ஆறாவது வரிசையில் கதவுப் பக்கம் சரசு அக்கா. மற்ற இருக்கைகளில் எழுத என்னிடம் பெயர் இல்லை.