பிச்சாட்டூரில் வேர்க்கடலை உரித்தவர்

களப்பயிற்சியில் இருந்த என் சமூகப்பணி மாணவிகளைப் பார்வையிட, திருப்பதியிலிருந்து பிச்சாட்டூர் போயிருந்தேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மாளிடம் அவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர் வேர்க்கடலை உரித்து, பாதியை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளினாரே தவிர, எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

"பேட்டி எப்படி எடுக்கணும்னு பாருங்க" என்று மிடுக்காக உட்கார்ந்தேன்.

"பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு. உங்குளுக்கு சார்?"

அவ்வளவுதான். காதல் திருமணம் செய்த மகளோடு நான் பேசாமலிருப்பது வரை கொட்டிவிட்டேன். மாணவிகள் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள்.

"உங்க பொண்ணு உங்குளுக்காகக் காத்துக்கினு இருக்கும். போன் பண்ணுங்க சார்."

பஸ் ஏறும் முன்பே கூப்பிட்டேன். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று மகள் பதறினாள்.

"ஃபீல்டு வொர்க்ல இருக்கேம்மா" என்றேன். அன்று யார் யாரைப் பேட்டி எடுத்தது என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.